தோஹா 2023 அதிகனப் பிரிவு இறுதிப் போட்டி: ஒரு சண்டைக்கு இரண்டு தங்கம் சரியா?

பிடிதளராதவன் எழுதியது:

உலக ஜூடோ சாம்பியன்ஷிப் முடிவுகளை வருடா வருடம் ஒரு நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். போன வாரம் அதைப் புரட்டும்போது 2023 தோஹா பக்கத்தில் கை நின்றுவிட்டது. ஆண்கள் 100 கிலோவுக்கு மேல். நான் அன்று எழுதியது: தங்கம் டெடி ரைனர், வெள்ளி இனால் தசோயெவ். அந்த வரி இப்போது தவறு. திருத்த வேண்டும், ஆனால் எப்படித் திருத்துவது என்று எனக்கே தெளிவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இறுதிப் போட்டி நான்கு நிமிடத்தில் முடியவில்லை, கூடுதல் நேரமான கோல்டன் ஸ்கோருக்குப் போனது. அங்கே பிரான்ஸின் ரைனர் தாக்க வந்தார், ரஷ்யரான தசோயெவ் அதை எதிர்வீச்சாகத் திருப்பினார். நடுவர் புள்ளி தரவில்லை. சண்டை தொடர்ந்தது, ரைனர் வென்றார். அது அவருடைய 11-ஆவது உலகப் பட்டம். அரங்கமே எழுந்து நின்றது. சில வாரங்கள் கழித்து சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு, அந்த எதிர்வீச்சுக்குப் புள்ளி கொடுத்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. ரைனரின் தங்கத்தைத் தொடாமல் தசோயெவுக்கும் ஒரு தங்கம் கொடுத்தது.

என் கருத்தை முதலிலேயே வைக்கிறேன். தவறை ஒப்புக்கொண்டது மிக நல்லது. ஆனால் இரண்டு தங்கம் என்பது பதில் இல்லை. கோல்டன் ஸ்கோரில் முதல் புள்ளியோடு சண்டை முடிந்துவிடும். அந்தப் புள்ளி தசோயெவுடையது என்றால் சண்டை அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு நடந்தது சண்டையே இல்லை. உங்கள் கருத்து என்ன?

உச்சிமதா எழுதியது:

நானும் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரவெல்லாம் விழித்து நேரலையில் பார்த்தபோது எனக்கு அது புள்ளியாகத் தெரியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ரைனர் உடம்பு அவ்வளவு பெரியது, இருவரும் சேர்ந்து விழுகிறார்கள், கண்ணுக்குப் பிடிபடவில்லை. மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகுதான், விழும் கணத்தில் திருப்பத்தை நடத்துவது தசோயெவ் என்று புரிந்தது.

இந்த ஒரு சர்ச்சையால் தோஹாவில் நடந்த மற்ற அழகான ஜூடோ எல்லாம் மறந்துபோனதுதான் எனக்கு வருத்தம். உதா அபேயும் அண்ணன் ஹிஃபுமியும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். ஹிஃபுமி இறுதியில் சக ஜப்பானியர் மருயாமாவை வென்றார். இந்த இருவரும் 2020 டிசம்பரில் ஒலிம்பிக் இடத்துக்காக டோக்கியோவின் ஜூடோ தலைமையகமான கோடோகானில் 24 நிமிடம் மோதியவர்கள். அப்படிப்பட்ட இருவர் உலக இறுதியில் மறுபடி எதிரெதிரே நிற்பதைப் பார்ப்பதற்கே ஒரு இரவு விழிக்கலாம்.

மேசைநடுவர் எழுதியது:

நான் சின்னப் போட்டிகளில் பல வருடம் நடுவராக நின்றவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீச்சைத் தீர்ப்பதுதான் நடுவர் வேலையிலேயே கடினமான பகுதி. ஒருவர் தாக்குகிறார், மற்றவர் அந்த வேகத்தையே எடுத்துக்கொண்டு அவரைத் திருப்புகிறார். இருவரும் ஒன்றாகக் கீழே வருகிறார்கள். அரை நொடியில் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். விழும்போது யார் கட்டுப்பாட்டில் யார் இருந்தார்? முதுகோ பக்கவாட்டோ யாருடையது தரையைத் தொட்டது? கடைசியாக, அந்தத் திருப்பம் நின்ற நிலையிலிருந்து தொடர்ந்து வந்ததா, இல்லை தரையில் விழுந்த பிறகு புரட்டியதா? தரையைத் தொட்ட பிறகு புரட்டினால் அது தரைச் சண்டை, எறிதலுக்கான புள்ளி கிடையாது. இந்த மூன்றாவது கேள்வியில்தான் நல்ல நல்ல நடுவர்களும் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறியிருக்கிறேன். ஒரு பையனுக்குக் கொடுக்க வேண்டிய வசா-ஆரியை, அதாவது அரைப் புள்ளியை, கொடுக்காமல் விட்டேன். அவன் முகம் இன்னும் மனதில் இருக்கிறது.

இன்னொன்று. 2013-இலிருந்து டாட்டாமியின், அதாவது சண்டை நடக்கும் விரிப்பின், மேல் ஒரே நடுவர்தான். மற்ற இருவர் மேசையில் திரையைப் பார்த்தபடி இருக்கிறார்கள், காதுக்கருவி வழியே பேசுகிறார்கள். முன்பு மூலைகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தோஹாவில் திரை இருந்தது, மறுபடி ஓட்டிப் பார்க்கும் வசதி இருந்தது. அப்படியிருந்தும் தவறிப்போனது என்பதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். கருவி காட்டத்தான் செய்யும், தீர்மானிப்பது மனிதர்தான்.

இப்போது பிடிதளராதவன் கேட்டதற்கு வருகிறேன். முடிவை அறிவித்து, எல்லோரும் டாட்டாமியை விட்டு இறங்கிய பிறகு தீர்ப்பு மாறக் கூடாது என்பது இந்த விளையாட்டின் பழைய ஒழுங்கு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பதக்கமும் மாதக்கணக்கில் வழக்கில் கிடக்கும். அதனால்தான் ரைனரிடமிருந்து எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். எடுக்காமலே திருத்த ஒரே வழி, இன்னொன்று கொடுப்பதுதான்.

எழுபத்துமூன்றுகிலோ எழுதியது:

மேசைநடுவர் சார் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பிடிதளராதவன், ஒரு வீரனின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். நான் போட்டிகளில் இறங்கியவன் என்பதால் சொல்கிறேன்.

நடுவர் "மத்தே" என்றால் நிறுத்துகிறோம், "ஹஜிமே" என்றால் தொடர்கிறோம். ரைனர் அன்று அதைத்தான் செய்தார். 34 வயது, நான்கு நிமிடம் முடிந்து கோல்டன் ஸ்கோர் ஓடிக்கொண்டிருக்கிறது, எதிரே 25 வயதுக்காரர். தொடரச் சொன்னார்கள், தொடர்ந்தார், வென்றார். அந்த வெற்றிக்கு முன்னால் நடந்த தவறு அவருடையது இல்லை. நீங்கள் "பிறகு நடந்தது சண்டையே இல்லை" என்கிறீர்கள். அதில் வழிந்த வியர்வை உண்மை. அந்த எறிதல் உண்மை. அதை இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

பச்சைப்பட்டை எழுதியது:

புதியவன், கேள்வி ஒன்று. கோல்டன் ஸ்கோரில் ஷிடோவாலும் (தண்டனை) முடிவு வரும்தானே? அப்படியென்றால் முதல் புள்ளி மட்டும்தான் முடிவு என்று எப்படிச் சொல்கிறோம்?

மேசைநடுவர் எழுதியது:

தம்பி, வரும். மூன்றாவது ஷிடோ விழுந்தால் ஹன்சொகுமகே, அதாவது தகுதி நீக்கம், எதிராளி வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் 57 கிலோ இறுதி அப்படித்தான் முடிந்தது. ஹூ மி-மிக்கு மூன்றாவது ஷிடோ, கிறிஸ்டா தெகுச்சிக்குத் தங்கம். தோஹா உலகப் போட்டியிலும் 57 கிலோ தங்கம் தெகுச்சிதான். ஆனால் எறிதலாலோ பிடியாலோ ஒரு வசா-ஆரி கிடைத்தாலும் கோல்டன் ஸ்கோரில் அந்த நொடியே முடிவு. நேர வரம்பு கிடையாது. முன்பெல்லாம் கோல்டன் ஸ்கோருக்கும் நேரம் உண்டு, அது தீர்ந்தால் நடுவர்கள் கொடி தூக்கி முடிவு சொல்வார்கள். அந்த முறை 2013-இல் போனது.

பிடிதளராதவன் எழுதியது:

எழுபத்துமூன்றுகிலோ, உங்கள் வாதம் என்னைக் கொஞ்சம் அசைத்தது. ஆனாலும் விடமாட்டேன்.

சாதாரண நேரத்தில் ஒரு வசா-ஆரியைத் தவறவிட்டால், அப்புறம் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பின்தங்கியவர் வேகமாகத் தாக்கியிருக்கலாம், முன்னிலையில் இருப்பவர் ஒதுங்கி ஷிடோ வாங்கியிருக்கலாம். சண்டையின் போக்கே வேறாகியிருக்கும். அங்கே திருத்துவதற்கு வழியே இல்லை. கோல்டன் ஸ்கோரில் அந்தக் குழப்பம் இல்லை. புள்ளி இருந்தது என்றால் முடிவும் இருந்தது. கூட்டமைப்பு துணிந்து திருத்தியதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அப்படியானால் தசோயெவ் மட்டுமே சாம்பியன். இரண்டு பேருக்கும் கொடுப்பது, யார் வென்றார் என்ற கேள்வியை அப்படியே விட்டுவிடுவது போல இருக்கிறது.

2000 சிட்னி ஒலிம்பிக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பிரான்ஸின் டுயே, ஜப்பானின் ஷினோஹாரா இறுதிப் போட்டி. அது சாதாரண நேரம், மீதி நிமிடங்கள் இருந்தன. அதனால் அங்கே முடிவு மாறாதது சரி.

உச்சிமதா எழுதியது:

நண்பரே, சிட்னியில் நீங்கள் சறுக்குகிறீர்கள். என் புனைபெயரே அந்த எறிதலிலிருந்து வந்தது, அதனால் இதை விட மனம் வரவில்லை.

அன்று டுயே உச்சி-மதா போட்டார், எதிராளியின் தொடைகளுக்கு நடுவே காலை விட்டு எறிவது. ஷினோஹாரா காலை நழுவவிட்டு, அந்த வேகத்திலேயே அவரைத் திருப்பினார். உச்சி-மதா-சுகாஷி. இருவரும் விழுந்தார்கள். ஷினோஹாரா கையை உயர்த்தினார், முடிந்தது என்று நினைத்தார். மூலை நடுவர்களில் ஒருவர் ஷினோஹாராவுக்கு இப்பொன், அதாவது முழுப் புள்ளி, காட்டினார். ஆனால் பலகையில் ஏறியது டுயேவுக்கு யூக்கோ என்ற சிறு புள்ளி. இறுதியில் டுயேவுக்குத் தங்கம்.

இப்போது யோசியுங்கள். அது இப்பொன் என்றால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். இப்பொன் எந்த நிமிடத்தில் வந்தாலும் முடிவுதான், கோல்டன் ஸ்கோர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆக, உங்கள் கணக்குப்படி சிட்னியும் தோஹாவும் ஒரே வகை. ஒன்று 23 வருடம் முன்னால் மாறாமல் நின்றது, இன்னொன்று மாறியது. அந்த வேறுபாடுதான் என் மனதை உறுத்துகிறது. ஷினோஹாரா நடுவர்களைக் குறை சொல்லவில்லை, தன் பலவீனத்தையே காரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவருக்கு இரண்டாவது தங்கம் யாரும் கொண்டுவந்து தரவில்லை.

பிடிதளராதவன் எழுதியது:

ஆமாம். அதை நான் யோசிக்கவில்லை. இப்பொன் எப்போதும் முடிவு. சிட்னியைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

நீலச்சீருடை எழுதியது:

2012 லண்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 66 கிலோ காலிறுதி, ஜப்பானின் மசாஷி எபினுமாவும் கொரியாவின் சோ ஜுன்-ஹோவும். கோல்டன் ஸ்கோர் நேரமும் தீர்ந்து, மூன்று நடுவர்களும் நீலக் கொடி தூக்கினார்கள். சோ வென்றார். அரங்கம் கூச்சல் போட்டது. மேற்பார்வைக் குழு அழைத்துப் பேசியது. திரும்பி வந்த அதே மூவரும் வெள்ளைக் கொடி தூக்கினார்கள். எபினுமா வென்றார்.

அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மூன்று மனிதர்கள் தாம் கண்டதை ஒரு நிமிடத்தில் மறந்துவிட முடியுமா? ஆனால் ஒன்று. யாரும் டாட்டாமியை விட்டு இறங்குவதற்கு முன்பே அது நடந்தது. இறுதியில் இருவருமே வெண்கலம் வாங்கினார்கள். சோ அந்தத் தோல்விக்குப் பிறகு மனதைத் திரட்டிக்கொண்டு மறுபடி டாட்டாமி ஏறி ஜெயித்ததை நான் மறக்கமாட்டேன்.

எழுபத்துமூன்றுகிலோ எழுதியது:

நீலச்சீருடை சொன்னதும் 2024 பாரிஸ் நினைவுக்கு வருகிறது. 60 கிலோ காலிறுதி, ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ கரிகோஸும் ஜப்பானின் ரியூஜு நாகயாமாவும். கரிகோஸ் கழுத்தை நெரித்திருக்கிறார், நடுவர் "மத்தே" என்கிறார், பிடி உடனே விலகவில்லை. விடும்போது நாகயாமா நினைவிழந்திருந்தார். கரிகோஸுக்கு இப்பொன். நாகயாமா கைகுலுக்காமல் டாட்டாமியிலேயே நின்றார்.

இங்கேயும் இருவரும் வெண்கலத்தோடு வீடு திரும்பினார்கள். கரிகோஸ் தோஹாவில் 60 கிலோ உலக சாம்பியன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், அந்த நாள் அவர் எவ்வளவு சுத்தமாக ஆடினார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சத்தம் நிறைந்த அரங்கில் "மத்தே" காதில் விழாமல் போவது எனக்கே நடந்திருக்கிறது. நல்லவேளை, என் எதிராளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பச்சைப்பட்டை எழுதியது:

தோஹாவின் முழு முடிவுகளை யாராவது சொல்ல முடியுமா? இதைப் படித்த பிறகு எல்லாச் சண்டைகளையும் தேடிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

பிடிதளராதவன் எழுதியது:

நோட்டிலிருந்து எழுதுகிறேன். ஆண்களில் 60 கரிகோஸ், 66 ஹிஃபுமி அபே, 73 சுவிட்சர்லாந்தின் நில்ஸ் ஸ்டம்ப், 81 ஜார்ஜியாவின் தாதோ கிரிகலாஷ்விலி, 90 இன்னொரு ஜார்ஜியர் லூகா மைசுராட்ஸே, 100 அர்மான் அதாமியான். அதற்கு மேல் எடையில் நாம் பேசிக்கொண்டிருக்கும் இருவர். பெண்களில் 48 நட்சுமி சுனோடா, 52 உதா அபே, 57 தெகுச்சி, 63 கிளாரிஸ் அக்பெக்னெனூ, 70 சாகி நீசோயே, 78 இஸ்ரேலின் இன்பார் லானிர், 78-க்கு மேல் அகிரா சோனே. கலப்பு அணிப் போட்டி ஜப்பானுக்கு.

முதலில் அக்பெக்னெனூவைப் பார். குழந்தை பிறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, வந்து ஆறாவது உலகப் பட்டம் வாங்கினார். அடுத்தது சுனோடா. பின்னால் சாய்ந்து தலைக்கு மேல் எறியும் தோமோ-நகே போட்டு அப்படியே கைமூட்டுப் பூட்டுக்குள் நுழைகிற வேகம்! எதிராளிக்கு என்ன வரப்போகிறது என்று நன்றாகத் தெரியும், தெரிந்தும் தடுக்க முடியாது. அது அவருக்குத் தொடர்ச்சியாக மூன்றாவது உலகத் தங்கம்.

நீலச்சீருடை எழுதியது:

அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒன்றையும் மறக்க வேண்டாம். ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை நடுநிலைக் கொடியில் அனுமதித்ததால் உக்ரைன் அணி தோஹாவுக்கு வரவில்லை. தசோயெவும் அதாமியானும் நடுநிலை வீரர்களாகவே ஆடினார்கள். அங்கே இல்லாதவர்களும் அந்தப் போட்டியின் ஒரு பகுதிதான்.

உச்சிமதா எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள், அதை எப்போதும் சேர்த்தே சொல்ல வேண்டும். தசோயெவைப் பொறுத்தவரை அவர் தங்கத்துக்கு அது ஒரு கனத்தையும் சேர்த்தது. தேசிய கீதம் இல்லை, கொடி இல்லை. அதற்கும் மேல் மேடையின் உச்சியும் இல்லை, ஏனென்றால் அன்று அங்கே நின்றது ரைனர். பதக்கம் பிறகு வரலாம். அந்த ஐந்து நிமிடத்தைத் திருப்பித் தர முடியுமா?

மேசைநடுவர் எழுதியது:

முடியாது. அதனால்தான் நான் இரண்டு தங்கத்தை ஆதரித்தாலும் முழு நிம்மதி அடையவில்லை. நடுவர் மேசையில் உட்காரும் ஒவ்வொருவருக்கும் இதைக் காட்ட வேண்டும். தவறு நடந்த பிறகு எவ்வளவு நேர்மையாகத் திருத்தினாலும், வீரருக்குப் போனது போனதுதான். சந்தேகம் வந்தால் நிறுத்துங்கள், திரையைப் பாருங்கள். முப்பது நொடி அரங்கம் காத்திருக்கட்டும், ஒன்றும் ஆகிவிடாது.

ரைனரும் இந்த வலியை அறியாதவர் இல்லை. 2010 டோக்கியோ உலகப் போட்டியில், எடை வரம்பில்லாத பிரிவின் இறுதியில், டைக்கி கமிகாவாவிடம் கொடித் தீர்ப்பில்தான் தோற்றார். அதற்குப் பிறகு 2020 பிப்ரவரியில் பாரிஸில் கோகோரோ ககெயுரா அவரை வீழ்த்தும்வரை 154 சண்டை, ஒன்றில்கூடத் தோல்வி இல்லை.

எழுபத்துமூன்றுகிலோ எழுதியது:

தோஹாவுக்குப் பிறகு ரைனர் தன் தகுதியை நிரூபிக்க யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் கிம் மின்-ஜோங்கை வென்று தனிநபர் தங்கம். அந்தக் கிம் அதே வருடம் அபுதாபியில் உலக சாம்பியன் ஆனவர். அப்புறம் அணி இறுதியில் ஜப்பானிடம் 1-3 என்று பின்தங்கிய பிரான்ஸ் 3-3 ஆக்கியது, கடைசிச் சண்டை எந்த எடைப் பிரிவு என்று முடிவு செய்யச் சக்கரம் சுற்றியதும் விழுந்தது அதிகனப் பிரிவு. ரைனர் வந்து தத்சுரு சைட்டோவை எறிந்து முடித்தார். பிரான்ஸின் அந்த மீட்சியைத் தொடங்கி வைத்தது காபா ஹிஃபுமி அபேயை வீழ்த்திய சண்டை, சமநிலையைக் கொண்டுவந்தது அக்பெக்னெனூவின் வெற்றி. என் வாழ்நாளில் நான் பார்த்த சிறந்த ஜூடோ மாலை அது.

பிடிதளராதவன் எழுதியது:

ஆனால் அந்தப் பாரிஸில் தசோயெவ் இல்லை. ரஷ்ய ஜூடோ வீரர்கள் யாரும் அங்கே ஆடவில்லை. தோஹாவில் தீராமல் விட்ட கணக்கை டாட்டாமியில் தீர்த்துக்கொள்ள இருவருக்கும் பெரிய மேடை கிடைக்கவேயில்லை. 2025 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் தசோயெவ் தங்கம் வென்றார், இந்த முறை அன்றே, அந்த இடத்திலேயே. அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் ரைனர் எதிரே இல்லை.

இந்த இழையைத் தொடங்கும்போது தசோயெவ் மட்டுமே சாம்பியன் என்று உறுதியாக இருந்தேன். எழுபத்துமூன்றுகிலோ சொன்ன "தொடரச் சொன்னார்கள், தொடர்ந்தார்" என்பதைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒருவரிடம் சண்டை போடு என்று சொல்லிவிட்டு, போட்டு வென்ற பிறகு அது கணக்கில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே சமயம் அந்த எதிர்வீச்சு புள்ளிதான். அதிலும் மாற்றமில்லை.

பச்சைப்பட்டை எழுதியது:

இப்போதுதான் அந்த இறுதிப் போட்டியைப் பார்த்து முடித்தேன். முதல் தடவை சத்தத்தோடு பார்த்தேன், ரைனர் பக்கம் இருந்தேன். இரண்டாம் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, மேசைநடுவர் சார் சொன்ன மூன்று கேள்விகளை மட்டும் மனதில் வைத்துப் பார்த்தேன். தசோயெவின் இடுப்பு எப்போது திரும்புகிறது என்று கவனித்தால், இருவரும் காற்றில் இருக்கும்போதே திரும்பிவிடுகிறது. தரையைத் தொட்ட பிறகு இல்லை. நான் பார்த்தது சரியா சார்?

மேசைநடுவர் எழுதியது:

சரிதான் தம்பி. நானும் அதைத்தான் பார்த்தேன். நீ ஒருநாள் மேசைக்கு வந்து உட்கார வேண்டும்.

பிடிதளராதவன் எழுதியது:

நோட்டைத் திருத்திவிட்டேன். பழைய வரியை ஒரு கோடு போட்டு அடித்தேன், எழுத்து தெரிகிற மாதிரி மெல்லிய கோடு. அதற்குக் கீழே தங்கம் என்று எழுதி இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.